டெய்லரம்மா மாற்றிய கேம்ஷாஃப்ட்

தெருவில் அவளை எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் மிஷின் மக்கர் செய்தால் ஆள் தேடிப் போகமாட்டாள். தானே கழற்றி, தானே மாட்டிவிடுவாள். அந்தக் கை சும்மா இருக்குமா? வீட்டிலிருந்த பழைய காருக்கு ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை போடுவது என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள்.

அந்தக் கார் ஒருநாள் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. பட்டறைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இன்ஜின் போச்சும்மா. எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த கையோடு இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே கேம்ஷாஃப்ட், வால்வுகளை முறைவைத்து அழுத்தித் திறக்கிற தண்டு. அதன் எட்டு மேடுகளில் ஒன்று மட்டும் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடந்தது.

"என்னங்க, இங்க வாங்க. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. இந்தத் தண்டு ஒண்ணுதான்."

மருந்துக்கடை வைத்திருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "இதை யாரு மாத்துறது?"

"நான்தான்."

மறுநாள் கடையிலிருந்து காலி மாத்திரை டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தார். "எந்த போல்ட் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதிப் போட்டு வை. கடைசியில ஒண்ணு மிஞ்சினா என்னைக் கேக்காத."

புதுத் தண்டு வந்துசேர ஒன்பது நாள் ஆனது. அதுவரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வாடிக்கைக்காரருக்குப் பட்டனே இல்லாத சட்டையை மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. இன்ஜினைக் கையால் சுழற்றி, மேலும் கீழும் உள்ள பல்சக்கரங்களின் குறிகளை நேராக நிறுத்தினாள். அவற்றை இணைக்கிற செயின் உள்ளே விழுந்துவிடாதபடி கம்பியால் இழுத்துக் கட்டினாள். பழைய தண்டு வெளியே வந்தது. புதியதற்கு எண்ணெய் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

"தூங்குற குழந்தையைக் கீழ விடுற மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

மதியத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. அவர் சாவியை எடுத்தார்.

"பொறுங்க. கையால சுத்திப் பாத்துடுறேன்."

ஸ்பானரைப் போட்டு இரண்டு சுற்று சுற்றினாள். கீழ்க்குறி சரியாக நின்றது. மேல் சக்கரத்தின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. அப்படியே கிளப்பியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டிருக்கலாம்.

"யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேணாங்க. மிஷின்ல ஊசி முன்னப்பின்ன ஆனா தையல் விட்டுப்போகும்ல? அதே கதைதான். ஒரு பல்லு."

சக்கரத்தைக் கழற்றினாள், செயினை ஒரு பல் நகர்த்தினாள், மறுபடி மாட்டினாள். இரண்டு சுற்று. குறிகள் நேருக்கு நேர் நின்றன. மனசு கேட்காமல் இன்னும் இரண்டு சுற்று. அப்போதும் குறிகள் விலகவில்லை.

சாவியை அவளே திருகினாள். இன்ஜின் இருமியது, திணறியது, பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டது. டக்டக் இல்லை. சீரான உறுமல் மட்டும். புதுத் தண்டு பழகட்டும் என்று பெடலை மிதித்தபடி இருபது நிமிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. மாத்திரை டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்த கணவர், "ஒண்ணுகூட மிஞ்சல" என்று உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

கார் தெருமுனையைத் தாண்டியது.

"எங்க போறோம்?"

"தெரியலங்க. நிறுத்த மனசு வரல."