தாளிக்காத பண்டிகை

என் மாமியார் என் காலடியில் கற்பூரம் ஏற்றி, "தாயே, இன்னா குறை வெச்சோம்?" என்று கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குளிர்கிறது. பாவம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

ஆரம்பாக்கத்தில் நெல் நிலம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். பொங்கல் மற்றவர்களுக்குப் பண்டிகை, எனக்கு அடுப்படி. இரண்டு நாத்தனார்களும் புருஷன், பிள்ளைகளோடு போகியன்றே வந்து இறங்குவார்கள். காணும் பொங்கல் கறிக்குழம்பை வழித்துத் தின்ற பிறகுதான் கிளம்புவார்கள். காலை நாஷ்டாவுக்கே ஆளுக்கொன்று கேட்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. ஒரு வருஷம் பொங்கலுக்கு என் அம்மா பொன்னேரியிலிருந்து ரயிலேறி, கரும்பும் மஞ்சள்கொத்தும் புடவையுமாகச் சீர் கொண்டுவந்தாள். சின்ன வயதில் பெரியம்மை போட்டு அவளுக்கு முகமெல்லாம் தழும்பு. கூடத்தில் சின்ன நாத்தனாரின் புது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மாமியார் வாசலிலேயே மறித்து, "நல்ல நாளும் அதுவுமா இந்த மூஞ்சியோட கூடத்துக்கு வராதே. சீரை வெச்சிட்டுப் பின்பக்கமா போ" என்றாள். அம்மா மாட்டுக் கொட்டகை ஓரம் கொஞ்ச நேரம் நின்றாளாம். நான் சோறு எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் போய்விட்டாள். அந்தத் தட்டோடு நின்றபோதே, இதற்குப் பழி வாங்காமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டேன்.

மறு வருஷம் மார்கழியிலேயே எங்கும் அம்மை. எளாவூர் வரைக்கும் வேப்பிலை சொருகாத தெரு இல்லை. "இந்தத் தடவ யாரும் வர வேணாம்னு சொல்லிடலாமா அத்தை?" என்று கேட்டுப் பார்த்தேன். "உனுக்கு வேலை செய்ய வலிக்குதா?" என்று ஒரே போடாகப் போட்டாள். வழக்கம்போல எல்லோரும் வந்தார்கள். காய்ச்சலோடுதான் அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டினேன். பொங்கலன்று விடியற்காலை, புதுப்பானைக்கு மஞ்சள்கொத்து கட்டும்போது சின்ன நாத்தனார்தான் பார்த்து அலறினாள். என் கழுத்தெல்லாம் முத்து போட்டிருந்தது.

அவ்வளவுதான், பானையைக் கவிழ்த்துவிட்டார்கள். அம்மை வந்த வீட்டில் பொங்கல் வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது, கறி கூடவே கூடாது. அம்மை இறங்கி எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வந்தவர்கள் ஊருக்குத் திரும்பவும் கூடாது. வடைக்கும் கறிக்குழம்புக்கும் ஆசைப்பட்டு வந்த மாப்பிள்ளைகள், வெந்த பருப்பையும் மோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஒரே பேஜாரா பூட்சி" என்று பெரிய மாப்பிள்ளை முனகியது, வேப்பிலைப் படுக்கையில் கிடந்த எனக்குக் கேட்டது. கிணற்றடியில் நாத்தனார்கள் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் கேட்டது. அந்த அரிப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மை கண்டவளைத் திட்டக்கூடாது. அவள் வாயால் கேட்பது ஆத்தா கேட்பது என்று அங்கே நம்பிக்கை. சாயங்காலம் மாமியார் கற்பூரம் ஏற்றிக் கைகூப்பினாள். எனக்கு அப்போது காய்ச்சல் தணிந்திருந்தது, புத்தி தெளிவாகவே இருந்தது.

"தாயே, இன்னா குறை வெச்சோம்? சொல்லும்மா."

"போன பொங்கலுக்கு, முத்து பதிஞ்ச என் மூஞ்சிய வாசல்லயே மறிச்சு அனுப்பினியே," என்றேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அவள இட்டுகினு வா. நடுக்கூடத்துல இலை போட்டு, உன் கையால பரிமாறு. அப்பதான் நான் எறங்குவேன்."

கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், பொங்கல் லீவில் மச்சான்மாரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். "எழுந்திருடா, போயி உன் மாமியார இட்டுகினு வா" என்று மாமியார் அவரை விரட்டிய குரலில் அழுகை கலந்திருந்தது.

மறுநாள் மதியம் அம்மா வந்தாள். மாமியார் அதே வாசலில் குனிந்து அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். போன வருஷத்துப் புது மாப்பிள்ளை எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். அம்மா ஒன்றும் புரியாமல், கூடத்தைத் தாண்டி அறையில் படுத்திருந்த என்னைப் பார்த்தாள். நான் கண்ணைச் சிமிட்டினேன். பெற்றவள் அல்லவா, அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலைக்கு முன்னால் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தண்ணீர் என்று நிதானமாகச் சாப்பிட்டாள். வீட்டில் அதுவரை வேறு யாரும் சாப்பிடவில்லை. மாமியார் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாவது முறை போட்ட சோறும் தீர்ந்தபோது, அம்மா எழுந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் மாமியார் கை கழுவச் செம்பை எடுத்தாள்.

அம்மா அந்தத் தழும்பு முகத்தை நன்றாக நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, சம்பந்திம்மா. போன வருஷத்துப் பசியும் பாக்கி இருக்குது."