கூடத்துச் சுவருக்கு இரண்டு படங்கள்

என் ஓரகத்தி செய்த படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அவள் இல்லாத நேரத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவுக்கு ஆள் வராது. அப்போது கம்ப்யூட்டர் நாலு மணி வரைக்கும் எனக்கு, அதற்கப்புறம் விளக்கு வைக்கும் வரைக்கும் அவளுக்கு என்று பேசி வைத்திருந்தோம். அன்றைக்கு என் படத்தைத் திறக்கப் போய் அவளுடையதைத் திறந்துவிட்டேன். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் திறந்தேன்.

திரை முழுக்க விடியற்காலை. மலை மூன்று வரிசையாக நின்றது. முன்னால் இருப்பது கரும்பச்சை, அடுத்தது சாம்பல், கடைசி மலை வானத்தோடு கரைகிற நீலம். இரண்டு மலை சேருகிற இடத்தில் சூரியன் பாதி வெளியே வந்திருந்தது. கீழே ஒரு ஓட்டு வீடு, ஒரு பெண் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலிருந்து விழுகிற தண்ணீரில்கூட வெளிச்சம் இருந்தது. போட்டோக்களை வெட்டி ஒட்டிச் செய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய காலத்தில் ஒருவர் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வரைந்த மாதிரி இருந்தது.

என் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூடிவிட்டு ரோட்டுக்குப் போய் ஒரு மோர் வாங்கிக் குடித்தேன். புளித்திருந்தது. மோர்க்காரியிடம் சண்டை போட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்துகிற ஸ்டுடியோ அது. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் நான் யார் என்று தெரியும். கல்யாண ஆல்பத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்தது, நிலாவுக்குள் நிற்க வைத்தது எல்லாம் நான்தான். பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தை ஒரு மொட்டு சேதமாகாமல் வெட்டி எடுப்பேன். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்டுடியோ பேர் இருக்கும், படம் எடுத்த அண்ணன் தம்பி பேர் இருக்கும். வெட்டியவள் பேர் ஒரு ஆல்பத்திலும் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் அதிலும் வெட்டப் பழகிக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வேண்டியதில்லை. ஓரத்தில் சின்னச் சின்னப் படமாக இருக்கிறதே, அது போதும். விரல் போட்ட படத்தை அமுக்கினால் சாயத்தை விரலால் தேய்த்த மாதிரி தேய்க்கலாம். இலையை அப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான் போட்டோவை ஓவியமாக்குவோம். ஒரு படத்தின்மேல் இன்னொன்றைக் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கலாம். அவ்வளவுதான் வித்தை.

ஓரகத்தி கடலூர்க்காரி. அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகி, எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். வரும்போது செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். சீமையில் அந்தக் காலத்தில் வரைந்த இயற்கைக் காட்சிகள். இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி மரம், நடுவில் தண்ணீர், தண்ணீரில் மாடு, தூரத்தில் வெளிச்சம். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

"இதெல்லாம் ஒரே எடத்துல பாத்து வரைஞ்சது இல்லக்கா. இங்க ஒரு மரம், அங்க ஒரு ஓடைன்னு எடுத்துக்கினு வந்து ஒண்ணா சேத்துக்குவாங்க" என்றாள்.

"அப்ப நம்ம வேலதான்னு சொல்லு."

"நம்ம வேலயேதான்" என்று சிரித்தாள்.

அப்படித்தான் இருவரும் ஆரம்பித்தோம். பொழுதுபோக்காக இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பங்குச் சாமியார் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் புதிதாகக் கூடம் கட்டி, மேடைக்குப் பின்னால் இருக்கிற பெரிய சுவருக்கு நம்ம மலையை வைத்து ஒரு படம் செய்து கொடுங்கள் என்று எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டதும் போயிற்று எல்லாம். இரண்டையும் கொண்டுவாருங்கள், ஒன்றை மாட்டலாம் என்றார். கீழே செய்தவர் பேர் போடுவோம் என்றும் சொன்னார்.

அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வானத்துக்கு உளுந்தூர்பேட்டை போனேன். அங்கே ரோடு அகலம், மறைக்க ஒன்றும் இல்லை, மேகம் குவியல் குவியலாக நிற்கும். லாரிகளுக்கு நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தேன். தண்ணீருக்கும் எருமைக்கும் மணலூர்பேட்டை, பெண்ணை ஆறு. மலைக்குக் காலை பஸ்ஸில் கரியாலூர் ஏறி, சாயங்கால பஸ்ஸில் இறங்கினேன். நாங்கள் கீழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். ஏறுவோம், அருவி பார்ப்போம், தேன் வாங்குவோம், இறங்கிவிடுவோம். மலையில் ராத்தங்குகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

என் படத்தில் ஒரு புல்லைக்கூட அரைகுறையாக வெட்டவில்லை. எருமைக் காதில் இருக்கிற முடியைத் தனித்தனியாக எடுத்தேன். முடித்து ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெட்டு பிரமாதம்க்கா. என்னால ஜென்மத்துக்கும் முடியாது."

"ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்ல."

"டீச்சரு வேல பாத்தவ, மூஞ்சியில தெரியுது. சொல்லு."

"தூரத்து மலையும் கிட்டக்க இருக்கிற எருமையும் ஒரே அழுத்தமா கீது. தூரம் போகப் போகக் கொஞ்சம் கம்மி பண்ணா நல்லா இருக்கும். நீலம் ஏத்தணும். நான் வேணா காட்டட்டா?"

"எங்கூரு மல அழுத்தமாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் நான் அவள் படத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்தது. அவள் சொன்னது சரி என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் மலைக்கு நடந்தே போகலாம் போல இருந்தது. என் மலை சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் மாடியில் பாட்டுப் பாடிக்கொண்டு துணி காயப்போடுவதுகூட எனக்கு ஆகவில்லை. குழம்பு கொடுத்தனுப்பினால், உப்பு ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நாலாவது நாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அவள் படத்தில் பெண் வாசல் தெளிக்கிறாள். அப்படியென்றால் விடியற்காலை. சூரியனோ மலைமேல். கள்ளக்குறிச்சியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மலை மேற்கே. பொழுது அங்கே சாயும். அங்கே எப்படிக் கிளம்பும்?

பால் பொங்கி வழிந்தது. நான் சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருத்திவிடுவாள். அதனால் சொல்லவில்லை. இரண்டு வாரம் அதை இடுப்பில் முடிந்த சில்லறை மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவளிடம் ரொம்ப அன்பாக நடந்தேன். "இன்னாக்கா, இப்பல்லாம் சிரிச்ச மூஞ்சியா கீறீங்க" என்றுகூடக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கூடத்தின் வாசலில் இரண்டு படத்தையும் பெரிய தாளில் அச்செடுத்துப் பெஞ்சின்மேல் சாய்த்து வைத்தார்கள். சனங்கள் சுற்றி நின்றார்கள். முதலில் என் எருமையைப் பார்த்து எல்லாரும் ஆசையாகப் பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராக அவள் படத்துப் பக்கம் நகர்ந்தார்கள். நகர்ந்தவர்கள் திரும்பி வரவில்லை. நான் அதற்குமேல் பொறுக்கவில்லை.

"எல்லாம் சரி. வாச தெளிக்கிற நேரத்துக்குப் பொழுது எந்தப் பக்கம் இருக்கும்?" என்று உரக்கக் கேட்டேன்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அட ஆமா! மேக்காலல்ல பொழுது கெளம்புது!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "டீச்சரம்மா, கடலூருல கடலுக்குள்ள சாயுமா?" என்று இன்னொருவர் கேட்டார். ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். எனக்குக் குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன், தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி குளிர்ந்தது.

அப்போது மலையிலிருந்து பூசைக்கு வந்திருந்த ஒரு அம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்றது. கரியாலூரைத் தாண்டி உள்ளே ஏதோ ஊர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? எங்கூருல இப்படித்தான் பொழுது கெளம்பும். எங்களுக்குக் கெழக்காலயும் மலதான், மேக்காலயும் மலதான். வேணும்னா ஒரு நா ராத்தங்கிப் பாருங்க. நீங்கதான் பஸ்ஸு போயிடும், பஸ்ஸு போயிடும்னு ஓடியாந்துடறீங்களே" என்றது.

மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓரகத்தி பக்கம் திரும்பி, "நீ அங்க தங்குனியா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மலையில, என்கூட வேல பாத்த டீச்சரம்மா வூட்டுல ரெண்டு நாள் இருந்தேன்க்கா. அவங்க வூட்டு வாசதான் அது."

"அப்புறம் ஏன் வாய மூடிக்கினு நின்ன?"

"நீங்க பெரியவங்க. இத்தினி பேருக்கு முன்னால உங்கள எப்படிக்கா எதுத்துப் பேசறது?"

அவள் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. படத்திலும் என்னைவிட ஒரு படி மேலே, இதிலுமா?

சாமியார் நல்ல மனுஷர். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "பெரியம்மா, இந்த வேலையில எல்லாருக்கும் மூத்தவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க, எத மாட்டலாம்?" என்று கேட்டார்.

என்னுடையது என்று சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார்கள். வயசுக்கு மரியாதை கொடுக்கிற ஊர். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு படத்தையும் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆயிரம் ஆல்பம் வெட்டிய கண், அது எனக்காகப் பொய் பேச மறுத்துவிட்டது.

"அவளோடத மாட்டுங்க. என் எருமையை எனக்கே சுருட்டிக் குடுத்துடுங்க" என்றேன்.

மாட்டிவிட்டார்கள். கீழே அவள் பேர் இருக்கிறது. கூடத்தில் கல்யாணம், கூட்டம் என்று எது நடந்தாலும் முதல் வரிசையில் உட்காருகிறவள் நான், இப்போது கதவோரம் உட்காருகிறேன். காற்று வரும் என்று சொல்லிக்கொள்கிறேன். பெரியவளாகப் பெருந்தன்மையாக நடந்துகொண்டாய் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இப்போதும் அந்தச் சூரியனைப் பார்த்தால் எனக்கு எரிகிறது.

போன வாரம் நாலு மணி ஆனதும் நான் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பவில்லை. ஓரகத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். நான்தான் கேட்டேன்.

"தூரத்துக்கு நீலம் எப்படி ஏத்தற? காட்டு."

"வாங்கக்கா, உக்காருங்க" என்று அவள் பாதி நாற்காலியை விட்டு நகர்ந்தாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தேன்.