ஒட்டிப்போன பின்கதவுகள்

அப்பா தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார் ஓட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய வண்டி அது. அதன் பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம், கைப்பிடி முன்பக்கம். ஓடும்போது தாழ் லேசாக விலகினாலும் எதிர்க்காற்று புகுந்து கதவை முழுசாக விரித்துவிடும்.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு நான்கு. ஆனேக்கல்லில் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு அல்சூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மா நடுவில் இருந்தாள். தங்கை சன்னல் வழியாக மாடுகளைக் கூப்பிட்டுக்கொண்டே கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு பள்ளத்தில் கார் தூக்கிப்போட்டது. கதவு திறந்தது. அம்மா கை நீட்டுவதற்குள் பக்கத்தில் அவள் இல்லை.

அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்ததும் அப்பா காரை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போனார். கூடவே என்னையும் கூட்டிக்கொண்டார். அந்த நாட்களில் என்னைக் கண்ணைவிட்டு அகல விடமாட்டார்.

"பின்டோர் ரெண்டையும் ஒட்டிடு பாய். இனிமே தொறக்கவே கூடாது" என்றார் பட்டறைக்காரரிடம்.

"இன்னாண்ணே சொல்றே? அப்பறம் சவாரி எப்டி ஏறும்?"

"முன்னால ஏறி உள்ள போவட்டும். இடது பக்கம் சீட்ட அறுத்துட்டு வழி வுடு."

"நல்ல வண்டிண்ணே, கராப் ஆயிடும். புதுசா தாழ்ப்பா போட்டுத் தரேன்."

என் தோளைப் பிடித்திருந்த அப்பாவின் கை இறுகியது. பாய் என்னைப் பார்த்தார். நடந்தது அவருக்கும் தெரியும். வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஸ்டாண்டில் அந்த வண்டிக்குப் 'பொட்டி' என்று பெயர் வைத்தார்கள். கோட்டுப் போட்ட துரைமார் குனிந்து நுழைய மாட்டோம் என்று அடுத்த காருக்குப் போனார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி உள்ளே ஏற முடியாமல் மூச்சு வாங்கியதால், அவள் புருஷன் அப்பாவைத் திட்டிவிட்டு ஜட்கா வண்டி பிடித்தான். சவாரி குறைந்தது. வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அம்மா அக்கம்பக்கத்தில் துணி வாங்கித் தைக்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற காருக்குள் நுழைந்து பின்சீட்டுக்குப் போனாள். தங்கை நின்ற பக்கம் உட்கார்ந்து, கதவு ஒட்டியிருந்த இடத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"உள்ள ரொம்ப சூடு" என்றாள்.

வருஷாந்திரச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோன அன்று அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"சர்ட்டிபிகேட் கிடையாதுன்ட்டாரு இன்ஸ்பெக்டரு."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி நெருப்புப் புடிச்சா உள்ள இருக்கறவங்க எப்டி வெளிய வருவாங்கன்னு கேட்டாரு. ஒரு கொழந்த இருந்தா இன்னா பண்ணுவேன்னாரு." அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். "எனக்கு அது தோணவே இல்லடி."

தங்கை போனபிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொறந்துடுங்க" என்றாள். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? நானும் பக்கத்துலதானே குந்தினு இருந்தேன். என்னாலயே புடிக்க முடியல."

மறுநாள் பாய் கதவுகளை அறுத்துத் திறந்தார். கீல்களை முன்பக்கமாக மாற்றி, புதுத் தாழும் வைத்துக் கொடுத்தார். அறுத்த இடத்தில் எத்தனை முறை சாயம் அடித்தாலும் மேடு தெரிந்தது.

அப்பா மேலும் பல வருஷங்கள் அந்தக் காரை ஓட்டினார். யார் ஏறினாலும் தானே இறங்கிவந்து கதவைச் சாத்துவார். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். சுற்றிப்போய் அடுத்த கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பயணிகளுக்கு அவர் காட்டும் மரியாதையைப் பற்றி ஸ்டாண்டில் நல்ல பேச்சு. இவருடைய வண்டிதான் வேண்டும் என்று காத்திருந்து ஏறியவர்களும் உண்டு.

யாரோ அப்படிப் புகழ்ந்ததை அப்பா ஒருநாள் வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டினாள். அவள் மட்டும் கடைசிவரை எங்கே போவதென்றாலும் பஸ்ஸில்தான் போனாள். அப்பாவும் காரில் ஏறு என்று சொன்னதில்லை.