நிறுவுநருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் கழகத்தின் வரலாற்றை ஆண்டு விருந்தில் சொல்லும்போது திரையில் ஒரு படத்தைப் போடுவார்கள். அந்த நேரம் பார்த்து நான் வெளியே போய்விடுவேன். கோட்டை எடுக்க வேண்டும், ஒரு தொலைபேசி அழைப்பு என்று ஏதாவது ஒரு சாட்டு.

கழகம் என்றால் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகம். முட்டை வடிவில் பந்து, அதே வடிவில் மைதானம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தை உதைக்கலாம், கையால் குத்தலாம், அடுத்தவன் தோளில் ஏறி நின்றும் பிடிக்கலாம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், இதைக் கனடாவில், மொன்றியலில் ஆட வேண்டும் என்று ஓர் ஆஸ்திரேலியனுக்குத் தோன்றியது. அவன் ஒரு பெண்ணின் பின்னால் இந்த ஊருக்கு வந்தவன். பெண் போய்விட்டாள், அவன் நின்றுவிட்டான். ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு லொறியில் சாமான் இறக்க வருவான். ஒருநாள் முட்டைக்கோவாப் பெட்டி சரிந்தது. தலைக்கு மேலே போன ஒரு கோவாவை எட்டிப் பிடித்தேன். அவன் லொறியில் நின்றபடியே, சனிக்கிழமைகளில் எனக்கு என்ன வேலை என்று கேட்டான். அப்படித்தான் போய் மாட்டினேன்.

கழகத்தை உண்டாக்கியது முழுக்க அவன்தான். அலுவலகம் அலுவலகமாக அலைந்து வில்லரேயில் ஒரு பூங்காவைப் பிடித்தான். பிளாஸ்டிக் குழாய்களை வாளிகளில் நிறுத்தி, மண் போட்டுக் கம்பங்கள் ஆக்கினான். எல்லைக்கோடு போடுவதற்கு நான் சந்தையிலிருந்து வண்டு விழுந்த மாவைக் கொண்டுபோனேன். ஆட்டம் தொடங்குமுன் புறாக்கள் அதில் பாதியைத் தின்றுவிட்டன. என் பங்களிப்பு அவ்வளவுதான்.

விசா முடிந்து, இலையுதிர் காலத்தில் அவன் நாடு திரும்ப வேண்டியிருந்தது. இந்த ஊரில் தான் செய்தது என்று மிஞ்சப்போவது இந்தக் கழகம் ஒன்றுதான் என்று, குழாயில் அப்பிய சேற்றைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எனக்கு மறக்கவில்லை.

எங்கள் தமிழ் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. பிள்ளைகுட்டிக்காரன் பந்து விளையாடப் போனால் அவன் ஊர்சுற்றி. அதே ஆள் கழகத்துக்குத் தலைவராக இருந்தால் அது பொதுச்சேவை. என் அக்காவின் கணவர், அத்தான், எங்கள் தேவாலயப் பங்கில் எல்லாக் குழுவிலும் இருப்பவர். நான் அரைக்காற்சட்டையோடு பூங்காவில் ஓடுவதைப் பற்றிப் பூசை முடிந்து நாலு பேர் கதைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவராகவே ஒரு வேலை பார்த்திருக்கிறார்.

அது எனக்குத் தெரியவந்தது அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்தில், இடைவேளையின்போது. டொரொண்டோ அணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். பூங்கா ஓரத்தில் வான்கள் வந்து நின்றன. பங்குச் சுவாமியார் இறங்கினார். அக்கா இறங்கினாள். பட்டுச்சேலைகள், றோல்ஸ் பலகாரத் தட்டுகள், கோயில் மண்டபத்து மடக்குக் கதிரைகள் எல்லாம் இறங்கின. அத்தான் மைதான நடுவில் நின்று கை ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"கனடா மண்ணில ஆஸ்திரேலியக் கால்பந்தைத் தொடக்கி வைச்ச எங்கட பிள்ளை..."

சுவாமியார் என் சேற்றுத் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு சொல்லும் விளங்காத ஆஸ்திரேலியன் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். சுளுக்கிய சுட்டுவிரலில் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தான். அந்தக் கையாலும் தட்டினான்.

"அத்தான், தொடங்கினது நானில்லை. அவன்தான்," என்று காதுக்குள் சொன்னேன்.

"சும்மா இரு தம்பி. சுவாமி நிக்கிறார்."

வந்தது வரட்டும் என்று பொன்னாடையைக் கழற்றி ஆஸ்திரேலியனுக்குப் போர்த்தினேன். "இதைத் தொடங்கினது இவர்தான்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கைதட்டல் இரண்டு மடங்காகியது. "பாத்தியளே, எவ்வளவு தன்னடக்கம்," என்றாள் பட்டுச்சேலை ஒருத்தி. அத்தான் அதை ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே பொன்னாடையை அவன் தோளிலிருந்து எடுத்து மறுபடி என் தோளில் போட்டார். அக்கா கண்ணைத் துடைத்தாள். நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

இதெல்லாம் எதற்கு என்று ஆஸ்திரேலியன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

அடுத்தது படம். கதிரைகளை வரிசையாகப் போட்டார்கள். நடுவில் நான், ஒரு பக்கம் சுவாமியார், மறுபக்கம் அத்தான். அணிக்காரர்கள் இது ஏதோ எங்கள் வழக்கம் என்று சந்தோஷமாகப் பின்னால் போய் நின்றார்கள். படம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அத்தான் சுற்றிப் பார்த்தார். சாய்ந்த வாளியை நிமிர்த்திக்கொண்டிருந்த ஆஸ்திரேலியன் கண்ணில் பட்டான். "யூ டேக், ப்ளீஸ்," என்று கமராவை அவன் கையில் கொடுத்தார். நான் பாதி எழுந்தேன். அத்தான் என் முழங்காலை அழுத்தினார். நான் இருந்துவிட்டேன்.

அந்த வருடத்தின் படம் அது ஒன்றுதான் கழகத்திடம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அவன் போய்விட்டான். மற்றவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், படிப்பு முடிந்து கலைந்துபோனார்கள். மிஞ்சியவன் நான். நிறுவுநர் நானில்லை என்று புதுத் தலைவரிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஒருமுறை விருந்தில் வரிசையின் நடுவில் சிக்கிக்கொண்டேன். வெளியே போக முடியவில்லை. படம் திரையில் வந்தது. பக்கத்தில் இருந்த புதுக் கியூபெக்காரன், நடுவில் பட்டுத்துணியோடு இருக்கும் நிறுவுநர் நான்தானே என்று கேட்டான். இல்லை என்றேன். அன்று அத்தான் சிரித்த அதே சிரிப்பை அவனும் சிரித்தான். அப்படியென்றால் அவர் எங்கே என்றான்.

பங்கு மலரில் அந்தப் படத்தைப் போட்டபோது அதன் மேல்மூலையை அழகாக வெட்டிவிட்டார்கள். கழகத்தின் படத்தில் வெட்டவில்லை. அதைக் காட்டினேன். எல்லோர் தலைக்கும் மேலே, மங்கலாக, வெள்ளை பிளாஸ்டர் சுற்றிய ஒரு விரல்.