விட்டுப்போன ஒரு வரி

போன ஞாயிறு ஆலயத்தில் நுழையும்போதே ஓர் அம்மா அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார். ஜெபக் குறிப்புகளாம். நாற்பது பெயராவது இருக்கும். நான் கண்ணாடியைத் தேடியெடுத்து மூன்றாவது பெயருக்கு வருவதற்குள், "இதில் உள்ள யாவருக்காகவும்" என்று ஒரே வரியில் போதகர் முடித்துவிட்டார். அடேயப்பா, என்ன வேகம்! மை வாடை மட்டும் விரலில் நின்றது.

மை என்றால் எனக்கு நாக்குதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். சண்டைக் காலத்தில் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் சின்ன டீச்சராக இருந்தேன். எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில் ஒன்று வைத்திருந்தேன். எந்நேரமும் நாவற்பழம் தின்ற வாய்தான். புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் வாசிப்பது என் வேலை. "கணீர்னு இருக்கு" என்று ஐயர் ஒருமுறை சொல்லிவிட்டார். போதகரை அப்போது ஐயர் என்போம். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்த வேண்டும். அந்த வீட்டுப் பெண் ஆமென் சொன்ன பிறகுதான் அடுத்தது. காய்ச்சல்காரர்கள், பிள்ளைத்தாச்சிகள், பட்டாளத்துக்குப் போனவர்கள். குணமானால் பெயரை அடித்துவிடுவோம். செத்தாலும் அடித்துவிடுவோம். செத்தவர்களுக்கு எங்கள் சபையில் ஜெபம் கிடையாது.

ரெபெக்காள் விளாங்குடியிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். புருஷன் ஏசுவடியானுக்கு ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடிதம் நின்றுபோனது. அங்கிருந்து சனங்கள் காட்டு வழியே நடந்து வருகிறார்கள் என்று பேச்சு. அவள் முதல் பாயில் உட்காருவாள். நான் "ஏசு" என்று வாயெடுப்பதற்குள் ஆமென் வந்துவிடும். "பொறு தாயி, முழுசாச் சொல்ல விடு" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை பட்டியல் கிழிந்துபோய்ப் புதிதாக எழுதினேன், பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள், புத்தியெல்லாம் அங்கே. ஒரு வரி விட்டுப்போயிற்று. வாசித்து முடித்தும் எனக்கு உறைக்கவில்லை. ரெபெக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். ஏதோ அவசரம் என்று நினைத்தேன்.

காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

"டீச்சரம்மா, ஐயருக்குக் காயிதம் எப்ப வந்துச்சு?"

கழுத்தில் தாலி இல்லை. பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன்; ஏசுவடியான் பெயரைக் காணோம்.

"காயிதமே வரல தாயி. பாவி, நான்தேன் எழுத மறந்துட்டேன்."

"என்னையத் தேத்துறதுக்குச் சொல்றீக. இம்புட்டு நாளா மறக்காத பேரு இப்ப எப்படி மறக்கும்?"

ஐயரே வீடு தேடிப் போய்ச் சொல்லியும் அவள் நம்பவில்லை. அடுத்த புதன் அந்தப் பெயரைத்தான் முதலில் வாசித்தேன். கடைசிப் பாயில் இருந்தாள். நிறுத்தினேன். ஆமென் வரவில்லை. வேறு யாரோ சொல்லிவைத்தார்கள். இப்படியே நாலு வாரம். ஐந்தாம் வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சிருங்க டீச்சரம்மா. நீங்க கூப்பிடக் கூப்பிட அவுக அந்தக் காட்டுலயே நடந்துக்கிட்டு இருக்காக. போதும்."

பென்சிலை நாக்கில் தொட்டு, இந்தக் கையால்தான் அடித்தேன்.

சண்டை முடிந்தது. அவரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ரெபெக்காளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாய்கள் போய் பெஞ்சுகள் வந்தன. பெயருக்குப் பெயர் நிறுத்திக் காத்திருக்க இப்போது யாருக்கும் பொழுதில்லை. பட்டியலில் எவர் பெயர் விட்டுப்போனாலும் எழுந்து போக ஆளில்லை.

போன ஞாயிறு அந்தத் தாளின் அடியில் ஏசுவடியான் என்று எழுதினேன். எழுதிவிட்டு, நிறுத்தி, ஆமெனும் நானே சொல்லிக்கொண்டேன். செத்தவர்களுக்கு எங்கள் சபையில் ஜெபம் கிடையாது, தெரியும். ஆனால் அவர் செத்துப்போனார் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையே.