பன்னி முதல்ல மேடேறட்டும்

புயல் எச்சரிக்கை வந்தா பினாலோன் குப்பத்துல அடுத்து என்ன நடக்கும்னு நாய்க்குட்டிக்குக் கூடத் தெரியும். பொம்பளைங்க புள்ளைங்களை இழுத்துக்கிட்டு, மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு மேட்டு ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. ஆம்பளைங்க கீழயே நின்னுடுவாங்க. கூரை மேல கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டு, பன்னிக் கொட்டாய் பக்கத்துல குந்தி ஒரு சிகரெட்டைப் பத்தவெச்சு, "நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க"ன்னு கையை ஆட்டுவாங்க. கத்தாந்துவானேஸ் தீவோட கிழக்குக் கரை முழுக்க இதுதான் வழக்கம். எவனும் மாத்தினதில்லை.

சால்விங் மாத்திட்டா. அதை நெனைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குது!

முழுப் பேரு சால்வசியோன். கருவாடு போடுறவ, வாயாடி, எதையும் முன்கூட்டியே யோசிச்சு வெக்கிறவ. அவளோட புயல் டப்பாவைப் பாக்கணுமே! மூடியைச் சுத்தி டேப் ஒட்டின பெரிய பிளாஸ்டிக் டப்பா. உள்ள மெழுகுல முக்கின தீக்குச்சி, வறுத்த அரிசி, கருவாடு, டார்ச், புள்ளைங்களுக்குக் காய்ச்சல் மாத்திரை, பொறந்த சர்டிபிகேட் எல்லாம் ரெண்டு கவர் போட்டுச் சுத்தி இருக்கும். மழைக்காலம் பொறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வெளிய எடுத்து வெயில்ல காட்டி, கெட்டுப் போனதை மாத்தி அடுக்கிடுவா. அந்த டப்பாவுல எல்லாத்துக்கும் இடம் இருந்துச்சு. புருஷனுக்குத்தான் இல்லை.

புருஷன் ஆர்த்தேமியோ. தெமியோன்னு கூப்பிடுவாங்க. நல்ல மனுஷன்தான், ஆனா புயல்னா காலுக்கு வேர் விட்டுடும். கேட்டா, "டோன்யாவை யார் பாப்பா?"ம்பான். டோன்யான்னா பணக்காரச் சீமாட்டி. தன் வீட்டுத் தாய்ப்பன்னிக்கு அவன் வெச்ச பேரு அது. அது நடக்குறதைப் பாத்தா நீங்களும் அதே பேரைத்தான் வெப்பீங்க. பெரியவளோட காலேஜும் சின்னவனோட செருப்பும் அது போடுற குட்டிலதான் வருது. அதனால அவன் சொல்றதும் ஞாயம்தான்னு அவளே ஒத்துக்குவா.

முந்தின வருஷம் ஒரு தடவை டோன்யாவையும் மேல கொண்டு போகப் பாத்தாங்க. புயலுக்கு முந்தின மத்தியானம், காலைக் கட்டி மூங்கில்ல கோத்து நாலு ஆம்பளைங்க தூக்கினாங்க. அது போட்ட கத்துல பாதி வழியிலயே, தூக்கினதுல ஒருத்தனான ரூஃபோ சேத்துல உருண்டான். பன்னியும் கூடவே உருண்டுச்சு. வயித்துல இருந்த குட்டி அத்தனையும் போச்சு. அதுக்கப்புறம் பன்னியை மேட்டுக்கு ஏத்துற பேச்சையே ஆம்பளைங்க எடுக்கலை.

சால்விங் மட்டும் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தா. தூக்கிட்டுப் போனாத்தானே கத்தும்? தானா நடந்து வந்தா?

ஸ்கூலுக்குப் பின்னாடி ஒரு பழைய கொப்பரை உலர்த்துற கூடம் இருந்துச்சு. கெட்டிச் சிமெண்டு சுவர், பாதி இருட்டு, வௌவால். சொந்தக்காரங்க ஊரை விட்டே போயிட்டாங்க. போன் போட்டுக் கேட்டா, "வௌவாலைத் தொரத்தினா நீயே வெச்சுக்கோ"ன்னு சிரிச்சாங்க. இவ தொரத்தினா, பெருக்கினா. அப்புறம் தினம் சாயந்தரம் தவிட்டு வாளியைக் குச்சியால தட்டிக்கிட்டே டோன்யாவை மேட்டுக்கு நடத்த ஆரம்பிச்சா. முதல்ல வாசல் வரைக்கும், அப்புறம் தென்னை வரைக்கும், அப்புறம் பாதி மேடு. தேங்காய்ப்பூ கலந்த தவிடு மேட்டுல மட்டும்தான் கிடைக்கும், கீழ வெறும் சேம்பந்தண்டுதான். பன்னிக்குப் புரிஞ்சு போச்சு. மனுஷங்களுக்குத்தான் புரியலை.

"மனாய் சால்விங்! மாமியாரைக் கூட்டிக்கிட்டு எங்க, கோயிலுக்கா?" ரூஃபோ கத்துவான். மனாய்னா அங்க அக்கா, மனோய்னா அண்ணன்.

"உன் மாமியாரையும் அனுப்புடா, சேத்தே கூட்டிட்டுப் போறேன். அது நடக்குமா, இல்ல உன்னை மாதிரி உருளுமா?"

ரூஃபோவோட பொண்டாட்டி பசிதா சிரிச்சு சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. ஆனா மறுநாள் சாயந்தரம் அவளும் ஒரு வாளியோட வந்து நின்னா. அப்புறம் இன்னும் நாலஞ்சு பேரு சேந்தாங்க. தெமியோ மட்டும் கூட வரலை. டோன்யா இல்லாத கொட்டாயை ஒரு பார்வை பாத்துட்டு வலை பின்னப் போயிடுவான்.

நவம்பர்ல வந்துச்சு அந்தப் புயல். முந்தின நாளே புயல் சிக்னல் ஏறிக்கிட்டே போச்சு. விடியும்போது நாலாம் நம்பர். வானம் மாம்பழ நெறத்துல இருந்துச்சு, காத்து ஒரு பொட்டு இல்லை. சால்விங் புள்ளைங்களையும் டப்பாவையும் ஸ்கூல்ல விட்டுட்டு ஓடியே கீழ வந்து வாளியைத் தட்டினா. அடேயப்பா! டோன்யா கொட்டாயை விட்டு வந்து, யாரையும் திரும்பிப் பாக்காம, குட்டி நெறஞ்ச வயித்தை ஆட்டிக்கிட்டு மேடேறிச்சு. பின்னாடியே பசிதாவோட பன்னி, அதுக்குப் பின்னாடி மத்த வீட்டுப் பன்னிங்க. ஒண்ணு கூடக் கத்தலை. கூடத்துக்குள்ள போய் நின்னுக்கிட்டு, தவிடு எங்கன்னு மூஞ்சியைப் பாத்துச்சுங்க.

சால்விங் இருந்த தவிட்டைக் கொட்டிட்டு வாளியை அங்கயே போட்டா. திரும்பக் கீழ ஓடினா.

"தெமியோ, டோன்யா மேல போயாச்சு. வா, போலாம்."

அவன் கூரைக் கயித்தை இறுக்கிக்கிட்டே சொன்னான், "நீ போ. கூரை இருக்குல்ல."

"கூரையா? இத்தனை வருஷமா பன்னி பன்னின்னியே!"

"பன்னி போச்சு, சரி. வீடு இருக்கு, படகு இருக்கு." குரலை இறக்கினான். "ரூஃபோ நிக்கிறான், எல்லாரும் நிக்கிறாங்க. நான் மட்டும் போய் பொம்பளைங்களோட பாய்ல உக்காந்தா அடுத்த புயல் வரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணாம விடுவாங்களா, சொல்லு?"

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. பன்னி ஒரு சாக்குதான். இத்தனை மாசம் வெயில்ல மழைல அவ நடத்திக்கிட்டுப் போனது ஒரு சாக்கை! கோவம் வந்துச்சு, அதை விட அழுகை வந்துச்சு. "போய்த் தொலை"ன்னு கத்திட்டு மேடேறினா. பின்னாடி ரூஃபோ அவனுக்கு சிகரெட் நீட்டினதைப் பாத்தா. அலை சத்தம் மாறியிருந்துச்சு. எப்பவும் சலசலக்கும், இன்னிக்கு உறுமுச்சு.

மேல போனா, கூடத்துல இருந்து அலறல்!

எல்லாத்தையும் யோசிச்ச சால்விங் ஒண்ணை யோசிக்கலை. தினம் வரும்போது பன்னிங்க ஒவ்வொண்ணா வந்து தின்னுட்டுப் போச்சுங்க. இன்னிக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல அடைச்சாச்சு. வேற வேற வீட்டுப் பன்னியை ஒண்ணா விட்டா என்ன ஆகும்? டோன்யா பசிதாவோட பன்னி காதைக் கவ்வியிருந்துச்சு. இன்னொண்ணு சுவர்ல ரத்தம் தெறிக்க முட்டிக்கிட்டு இருந்துச்சு. பசிதா துடைப்பத்தை வெச்சுக்கிட்டு, "மனாய், கொல்லுதுங்க, மனாய்!"னு தவிச்சா.

சால்விங் மேட்டு விளிம்புக்கு ஓடி வந்து, நெஞ்சு கிழிய கூப்பாடு போட்டா.

"தெமியோ! ரூஃபோ! பன்னிங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொல்லுது! மூங்கில் எடுத்துட்டு வாங்கய்யா, தடுப்பு போடணும்! எல்லாரும் வாங்க!"

கீழ ஒரு நொடி எவனும் அசையலை. அப்புறம், நம்ப மாட்டீங்க, வேலியைப் பிடுங்கினாங்க! பொண்டாட்டி கெஞ்சினப்ப நகராத கால் அத்தனையும், தோள்ல மூங்கிலோட, மேடேறி ஓடி வந்துச்சு. அவனவன் அவனவன் பன்னி பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே வந்தான். இருந்த படகோட்டி, கொத்தனார், தென்னை ஏறுறவன், ஒருத்தன் பாக்கி இல்லை.

தெமியோ உள்ள பூந்து டோன்யாவோட மூஞ்சில ஈரச் சாக்கைப் போட்டு இழுத்தான். அது ஒரு நொடில அடங்கிச்சு. "இங்க ஒரு தடுப்பு, அங்க ஒரு தடுப்பு! கயிறு எங்கடா?"ன்னு அதிகாரம் பண்ணான். நடுவுல பொண்டாட்டியைப் பாத்து ஒரு சிரிப்பு. "எல்லாத்தையும் டப்பால அடுக்குவியே, இதை அடுக்கலையா?"

"இல்ல," அவ ஒத்துக்கிட்டா. "நல்லவேளை."

கடைசி மூங்கில் கட்டி முடிக்கிறதுக்குள்ள காத்து வந்துடுச்சு. காத்துன்னு சொல்றது தப்பு. சுவரே நகர்ற மாதிரி. ரூஃபோ கீழ போகணும்னு வாசல் வரைக்கும் போனான், மழை அவனை உள்ள தள்ளி உக்கார வெச்சுது. அப்புறம் எவனும் கீழ போற பேச்சை எடுக்கலை. பன்னி நாத்தம், வௌவால் நாத்தம், ஈரத் துணி, அதுக்கு நடுவுல ஆம்பளைங்க ஒருத்தனை ஒருத்தன் ஒட்டி உக்காந்து தடுப்பைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. பக்கத்து ஸ்கூல்ல பொம்பளைங்க செபம் சொல்ற சத்தம் காத்து விட்ட இடைவெளில மட்டும் கேட்டுச்சு.

சாயந்தரம் அடங்குச்சு. எல்லாரும் விளிம்புக்கு வந்து நின்னாங்க.

குப்பம் இல்லை. கடல் எழும்பி தென்னை வரைக்கும் வந்துட்டுப் போயிருந்துச்சு. அங்கங்க நட்ட கம்பம் மட்டும் நிக்குது. தெமியோ குந்தி சிகரெட் பத்தவெக்கிற இடத்துல யாரோட படகோ குப்புறக் கிடந்துச்சு. ரூஃபோ அதைப் பாத்துட்டே நின்னான். பசிதா அவன் சட்டையை முதுகுல கொத்தாப் பிடிச்சிருந்தா, விடவே இல்லை.

ரூஃபோ தொண்டையைக் கனைச்சுக்கிட்டான். "நாங்க பொம்பளைங்களோட உக்காரலை. பன்னியைப் பாக்கத்தான் வந்தோம். என்ன மனோய் தெமியோ?"

"பின்ன? இவளுங்களை நம்பி விட முடியுமா?"ன்னான் தெமியோ. கண்ணு அந்தக் குப்புறக் கிடந்த படகு மேலயே இருந்துச்சு.

சால்விங் அவன் சட்டைல இருந்த சேத்தைத் தட்டிவிட்டா. அவ புருஷன் முழுசா, சேறும் ரத்தமுமா, பன்னி வாசனையோட பக்கத்துல நிக்கிறான். அதுக்கு அவங்க என்ன பேரு வேணா வெச்சுக்கட்டும். மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கூடத்துக்கு மேல இருந்த சமமான திட்டைக் கையைக் காட்டினா.

"புது வீடு அங்க கட்டணும்."

"அங்கயா? தினம் வலையைத் தூக்கிக்கிட்டு இவ்ளோ மேடு யார் ஏறுறது?"

"டோன்யா ஏறுதுல்ல? அதும் வயித்துல புள்ளையோட."

"ஏய், என்னையும் வாளி தட்டிக் கூப்பிடுவியா?"

"தேவைப்பட்டா தட்டுவேன்யா. வா, முதல்ல கம்பத்துக்கு இடம் அளக்கலாம், வெளிச்சம் இருக்கு."

அவன் முணுமுணுத்துக்கிட்டே மேடேறினான்.