சீட்டுக்கு மேல் ஐந்து

கடல் ஊருக்குள் வந்துபோய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் வேலை பார்த்தேன். தூக்க மாத்திரை விஷயத்தில் முதலாளி கறார். டாக்டர் சீட்டில் எத்தனை எழுதியிருக்கிறதோ அத்தனைதான் விற்க வேண்டும். அதுதான் சட்டம்.

அன்று முதலாளி சரக்கு எடுக்கத் திண்டிவனம் போயிருந்தார். அடிக்கடி கடைக்கு வரும் குப்பத்து மீனவர் ஒருவர், மனைவிக்கு எழுதிய சீட்டோடு வந்தார். சீட்டில் ஐந்து என்று இருந்தது.

“ஒரு அட்டையா குடும்மா. அஞ்சு பத்தாது.”

“அஞ்சுக்கு மேல குடுக்கக் கூடாதுண்ணா. தீந்ததும் டாக்டர பாருங்க.”

“அவரு வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்றாரு. நான் தொழிலுக்குப் போயிட்டா இவள யாரு இட்டுனு போவா? அலை சத்தம் கேட்டாலே எழுந்து உக்காந்துக்குறா. கண்ண மூடி நாலு நாளாவுதும்மா.”

அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. பத்து மாத்திரை அட்டையை முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

அவர் போன பிறகு இருப்புக் கொள்ளவில்லை. இருமல் மருந்து கேட்டவரிடம் வயிற்றுவலி மருந்தை நீட்டினேன். அவர் மனைவி மகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவள் என்று யாரோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதாவது செய்துகொண்டால்?

மதியம் கடையைச் சாத்தியதும் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தேன். உப்பளத்து ரோட்டில் வெயிலில் கண் கூசியது. செயின் இரண்டு முறை கழன்றது.

குப்பத்தில் விசாரித்துப் போனபோது வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாயில் அவள் கிடந்தாள்.

“என்னண்ணா ஆச்சு?” கத்தியேவிட்டேன்.

“மெதுவாம்மா. இப்பதான் ஒண்ணு போட்டுனு தூங்குறா.” சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். “மீதி எங்கிட்டதான் இருக்குது. அவ கையில குடுப்பனா?”

அதோடு திரும்பியிருக்கலாம். மனசு அடங்கவில்லை.

“கூட குடுத்த அஞ்சையும் திருப்பிக் குடுத்துடுங்கண்ணா.”

என்னையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், கத்தரிக்கோலால் அட்டையைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். காசை நீட்டினேன், வாங்கவில்லை.

“எம்மேல நம்பிக்கை இல்ல, அவ்ளோதான” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பெண்ணை மீன்கூடையோடு பஸ்ஸில் பார்த்தேன். இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். நான் யாரென்றே அவளுக்குத் தெரியாது. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.